இரண்டு கையும் தெரிய வேண்டும்

"சமையல் சேனலாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பக்திப் பாட்டா?" அதுவும் இல்லை என்றேன். திருச்சியில் ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை ஒருத்தி டிரைபாட் கேட்டு வந்தால் ஒன்று குழம்பு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட வேண்டும். மூன்றாவதாக ஒரு காரியம் அவளுக்கு இருக்கக் கூடாது. போனை நிக்க வைக்கணும் பாய், அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுதான் என்று சொன்னது தப்பாகப் போயிற்று. மேஜைமேல் ஒன்று, பக்கத்தில் ஒன்று, சுவரில் சாய்த்து இன்னொன்று, ஏணி போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து ஒன்று என்று எடுத்து எடுத்து நிறுத்திவிட்டார். ஏழு ஸ்டாண்டு, இருபத்தொரு கால். எதைப் பார்த்தாலும் கால் கால் கால். மணி மூன்று நாற்பது. ஐந்து மணிக்கு என் மகள் பிரிஸ்கா கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் வருவாள். சனிக்கிழமை ஐந்து என்றால் ஐந்துதான், அவள் அப்படி. அதற்குள் இதில் ஒன்றை வாங்கி, சிங்காரத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து, கருமண்டபம் வீட்டுக்குப் போய், உறையைப் பிரித்து, கூடத்தில் நிறுத்தி, முன்னால் உட்கார்ந்து, மூச்சு வாங்குவதை அடக்கி, பிறகு அல்லவா பேச வேண்டும். ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் முதுகு நனைகிறது. "இது அலுமினியம்மா, இது ஃபைபர், இது ஃபோட்டோக்கு, இது வீடியோக்கு" என்கிறார் பாய். ஃபோட்டோவுக்கு ஒரு கால், வீடியோவுக்கு ஒரு காலா? நிற்பதற்குத்தானே கால்? நின்றால் போதாதா? "விலையச் சொல்லுங்க பாய்" என்றால் "விலை கெடக்குதும்மா, மொதல்ல உங்க தேவை என்னன்னு சொல்லுங்க" என்கிறார். அதைத்தான் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். இருபத்தைந்து வருஷமாக அந்த முகத்தை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன், பஸ்ஸில், கோயிலில், ரேஷன் கடையில். இன்றைக்கு இன்னொரு அச்சச்சோ கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்காரர் ஸ்தனிஸுக்கு ஒரு வாரமாக இதே ஆராய்ச்சிதான். கடைக்கு வரமாட்டார், ஈஸி சேரில் கிடந்தபடி ரெவ்யூ படிப்பார். ஒருத்தன் ஐந்து நட்சத்திரம் போட்டு அருமையோ அருமை என்கிறான், அதே சாமானுக்கு அடுத்தவன் ஒரு நட்சத்திரம் போட்டு இரண்டாம் நாளே கால் கழன்றது என்று கழன்ற காலைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். இவர் இரண்டையும் எனக்குச் சத்தமாக வாசித்துவிட்டு "என்ன பண்ணலாம் சீலி?" என்பார். ஆயிரத்துக்குக் கீழே போனால் ஆடுமாம், ஐயாயிரத்துக்கு மேலே போனால் நமக்கெதற்காம், நடுவில் இருப்பதெல்லாம் மேலே சொன்ன இரண்டுக்கும் நடுவில் இருக்குமாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம். இதோ, போன் அடிக்கிறது, அவர்தான். "காலுக்குத் திருகு லாக்கா கிளிப் லாக்கான்னு கேளு. திருகுன்னா மணல் போய் இறுகிக்குமாம்." நம்ம கூடத்துல ஏதுங்க மணல்? "தெரியல, போட்டிருக்கான். எத்தன கிலோ தாங்கும்னு கேட்டியா?" என் போன் எத்தன கிலோ இருக்கும்? "இல்ல சீலி, நாளப்பின்ன ஒரு கேமரா வாங்கினா?" முப்பத்தோரு வருஷமாக நாளைப்பின்னைக்காகவே வாழ்கிற மனுஷன். வைத்துவிட்டேன். போன சனிக்கிழமை "ஸ்டாண்டெல்லாம் எதுக்கு, இதுவே போதும்" என்று அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்ததும் இவர்தான். நான் பிரிஸ்கா முன்னால் உட்கார்ந்து, முதல் தடவையாக இரண்டு கையையும் தூக்கப்போன நேரம் போன் சறுக்கி மல்லாந்து விழுந்தது. அது மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ள, நான் குனிந்து துழாவி எடுக்கிறவரைக்கும் அவள் பார்த்தது எங்கள் வீட்டு ஃபேனை. "அம்மா என்னாச்சு? டயர்டா இருக்கு, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். நாலு மாதம் படித்தது அரிசி டப்பாவில் போயிற்று. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இது வளையும்மா, மரத்துல கட்டலாம், கம்பில சுத்தலாம்" என்று ஒன்றை முறுக்கிக் காட்டுகிறார். மரத்தில் ஏறி நான் என்ன செய்யப்போகிறேன். ஆனால் கையைப் பற்றி யோசித்தால் உண்மையிலேயே பைத்தியம் பிடிக்கிறது. மனுஷிக்கு இரண்டு கைதான். ஒரு கையில் போனைப் பிடித்தால் மிச்சம் ஒரு கை. ஒரு கையால் வா என்று சொல்லலாம், போ என்று சொல்லலாம், சாப்பிட்டாயா என்று கேட்கலாம். வீடு என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு இரண்டு கை வேண்டும், இரண்டு கை விரல் நுனிகளும் சாய்ந்து மேலே தொட்டுக் கூரை ஆக வேண்டும். ஒரு கையால் போட்டால் பாதிக் கூரை, சரிந்து நிற்கிறது. குழந்தைக்கும் இரண்டு கை வேண்டும், இரண்டையும் மடித்து ஏந்தி ஆட்ட வேண்டும். ஒரு கையால் ஏந்தினால் குழந்தை கீழே விழுந்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டியதே இந்த இரண்டு சொல்தான். வீட்டுக்கு வா. குழந்தையை இங்கே பெற்றுக்கொள். பெற்ற மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூப்பிடுவதற்கு எந்தத் தாயாவது டிரைபாட் தேடி அலைந்திருப்பாளா? மற்றவர்கள் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு காரில் போய் அழைத்து வருகிறார்கள். எனக்கு மட்டும் அலுமினியமா ஃபைபரா. மூன்றாம் மாதமே நான் எழுதிக் கேட்டேன், ஏழாம் மாதம் அப்பாவும் நானும் வந்து கூட்டிவருகிறோம் என்று. அவள் பதில் போட்டாள். அந்தப் பதில் இன்னும் போனில் இருக்கிறது, அழிக்கவில்லை, தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்து வயிறெரிகிறேன். "கோவப்படாதம்மா. அங்க வந்தா மூணு மாசம் நான் யார்கிட்ட பேசுவேன்? இங்க இவர் இருக்கார், ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க." கோபமாக எழுதியிருந்தால் நானும் கோபமாக எழுதியிருப்பேன். வருத்தமாக எழுதியிருந்தால் அழுதிருப்பேன். இது சும்மா ஒரு தகவல். மழை வரும், குடை எடுத்துக்கொள் என்கிற மாதிரி. அவள் வீட்டுக்காரனுக்கும் காது கேட்காது. அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் வந்துவிட்டால் கைகள் பறக்கும், ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்வார்கள், சண்டை போடுவார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நடுவில் நான் காபி டம்ளரை உருட்டிக்கொண்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டில் நான்தான் செவிடு. யாராவது ஒருத்தர் பாவம் பார்த்து எனக்கு எழுதிக் காட்டுவார்கள். அவளுக்கு எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்தே அப்படித்தானே இருந்திருக்கும்.

"ரிங் லைட்டோட வருதும்மா, மூஞ்சி பளிச்னு இருக்கும்." என் மூஞ்சி பளிச்சென்று இருந்து என்ன ஆகணும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் மார்ட்டின் சார் சைகைமொழி வகுப்பு எடுக்கிறார், அவருக்கும் காது கேட்காது. பதினோரு பேர் படிக்கிறோம், நான்தான் வயதில் மூத்தவள், நான்தான் மக்கு. விரல் மடங்காது. ஒன்றைக் கற்றால் இன்னொன்று மறந்துபோகும். அவர் என் கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாக மடித்து வைப்பார், அப்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும், காரணம் அவருக்குத் தெரியாது. நானும் ஒரு காலத்தில் இதேபோல ஒரு சின்னக் கையைப் பிடித்து விரலை மடக்கியிருக்கிறேன். பிரிஸ்காவுக்கு நாலு வயதில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், பேச்சுப் பயிற்சி தருகிற பள்ளிக்கூடம். அங்கே இருந்த மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், "கை பேச ஆரம்பிச்சா வாய் பேசாதும்மா, கைய அடக்குங்க." அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், நான் ஒன்றும் கனவு கண்டு செய்யவில்லை, படித்தவர்கள் சொன்னார்கள், செய்தேன். நன்றாகச் செய்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லையே. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன், நான்தான் ஊட்டுவேன். கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்பாள். கையைக் கீழே போடு. வாயால் கேள். தண்ணி என்று சொல். த, த என்று தொண்டை நரம்பு புடைக்க அவள் முக்குவாள், முழுசாக வருகிறவரை டம்ளரை நான் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். கையைக் கீழே போடு, கையைக் கீழே போடு, பன்னிரண்டு வருஷம் இதையேதான் சொன்னேன். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த டெலிபோன் ஆபரேட்டர் நான். ஹலோ, பேசுங்க, லைன்ல இருக்காங்க என்று இருபத்தேழு வருஷம் யார் யாரையோ யார் யாரோடோ பேச வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இந்த வேலை. ஸ்தனிஸ் மட்டும் நான் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அவள் கட்டை விரலைக் காட்டினால் சத்தமில்லாமல் தண்ணீர் கொடுத்துவிடுவார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். இப்படிச் செல்லம் கொடுத்தால் இவள் எப்போது பேசுவாள் என்று டம்ளரைப் பிடுங்கி வீசினேன், அது உருண்டு போய்க் கதவில் இடித்து நின்றது. ஒன்றுக்கும் ஆகாத மனுஷன் என்று இத்தனை வருஷம் திட்டுகிறேன், அந்த ஒரு காரியத்தில் அவர்தான் சரி. அதை நினைத்தால் அவர்மேல் இன்னும் எரிச்சலாக வருகிறது.

நாலு மணி ஐந்து நிமிஷம். ஒன்றுமே முடியவில்லை. மேஜையில் வைக்கிற குட்டை ஸ்டாண்டில் போனை மாட்டிப் பார்த்தால் கீழேயிருந்து என் மூக்குத் துவாரமும் கடையின் கூரையும்தான் தெரிகிறது. உயரமான ஒல்லி ஸ்டாண்டு மலிவுதான், எழுநூற்றைம்பது, ஆனால் பாய் ஒரு விரலால் சுண்டியதும் போன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் ஃபேன் ஓடும், நான் கையை வீசுவேன், ஸ்டாண்டு ஆடும், அங்கே அவளுக்கு என் விரல் எல்லாம் கலங்கித் தெரியும், இந்தக் கிழவி என்ன சொல்கிறாள் என்று யோசிப்பாள். இன்னொன்று ஆறாயிரத்து ஐந்நூறு, குத்துக்கல்லாக நிற்கிறது. அதன் விலையைக் கேட்டதும் நான்தான் ஆடிப்போனேன். சரி, எல்லாம் சரியாக அமைந்து, நன்றாகத் தெரிந்தும் அவள் சிரித்துவிட்டால்? என் பிழையைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை. இப்போதுதானா என்று கேட்டுவிட்டால்? இருபத்தொன்பது வயதுக்கு அப்புறம், வயிற்றில் பிள்ளை வந்ததற்கு அப்புறம், இப்போதுதான் உனக்குக் கை வந்ததா என்று கேட்டால் நான் எந்தக் கையால் பதில் சொல்வேன்? கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கேட்கிறார்கள், பிறக்கிற குழந்தைக்காவது காது கேட்குமா சீலி என்று. நானும் கேட்கட்டும் கேட்கட்டும் என்றுதான் ஜெபமாலை உருட்டுகிறேன். உருட்டும்போதே வெட்கமாக இருக்கிறது. அப்படியானால் இவளுக்குக் கேட்காமல் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மாதாவே, இதையெல்லாம் ஒரு ஸ்டாண்டுக் கடையில் நின்றா நினைக்க வேண்டும். "ம்மா, மேலேர்ந்து தொங்குற மாதிரி ஒண்ணு இருக்கு, நேரா சட்டியப் பாக்கும்" என்று பாய் மறுபடியும் ஏணியை இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சட்டியும் இல்ல, பாட்டும் இல்ல பாய். என் மகளுக்குக் காது கேக்காது. அவகிட்ட நான் கையால பேசணும். ரெண்டு கையும் தெரியணும், முகமும் தெரியணும், ஆடக் கூடாது, எங்கிட்ட ரெண்டாயிரம்தான் இருக்கு." ஒரே மூச்சில் கத்தலாகத்தான் வந்தது. மெமரி கார்டு வாங்க வந்தவர் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். நான் அந்த முகத்துக்காகக் காத்திருந்தேன். பாய் ஏணியில் இரண்டாம் படியில் நின்றபடி "உக்காந்தா, நின்னுகிட்டா?" என்று கேட்டார். உட்கார்ந்துதான் என்றேன். "அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏணி ஏறியிருக்க மாட்டேனேம்மா. முட்டி வலி எனக்கு." இறங்கி, கல்லாவுக்குப் பின்னால் போய், தூசு படிந்த ஒன்றை இழுத்து வந்தார். குட்டையாக, கால் தடிமனாக, அழகே இல்லாமல் இருந்தது. "பழைய மாடல். நாலடிக்கு மேல போவாது, அதனால ஒருத்தரும் எடுக்கல. உக்காந்து பேச நாலடி எதுக்கு, மூணு போதும். ஆயிரத்து அறுநூறு." கால்களை விரித்தார், கிளிப்புகளை டக்டக்கென்று அமுக்கினார். கிளிப்தான், ஸ்தனிஸ் சந்தோஷப்படுவார். அதன் தலையில் போனைக் கவ்வவைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் போட்டார். "உக்காருங்க. கையக் காட்டிப் பாருங்க." போனின் முன்பக்கக் கேமராவில் நான் தெரிந்தேன், வேர்த்து, நெற்றி முடி ஒட்டி, பின்னால் இருபத்தொரு கால். ஸ்டாண்டைச் சுண்டினார், ஆடவில்லை. காலால் மெல்ல இடித்தார், ஆடவில்லை. எனக்கு மூச்சு வந்தது. சரி, இதுதான், கட்டிக் கொடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் திரை மாறியது. பிரிஸ்கா கூப்பிடுகிறாள். மணி நாலு இருபது. ஐந்து என்றால் ஐந்து என்கிறவளுக்கு இன்றைக்குத்தானா முன்னால் வர வேண்டும். எடுக்காமல் விட்டுவிடலாம், வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம், முகம் கழுவி, தலைவாரி, கதவைச் சாத்தி. யோசித்துக்கொண்டிருந்தபோதே என் விரல் தொட்டுவிட்டது. அவள் வந்தாள். கன்னம் உப்பியிருக்கிறது, முகம் மினுமினுக்கிறது, ஒரு கையில் போனைப் பிடித்திருக்கிறாள். "மா. டாக்டர் பாத்துட்டேன். நல்லாருக்கு. எங்க இருக்க?" வாயால்தான் கேட்டாள், நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வாங்கிய அந்தக் குரலில். என்னிடம் மட்டும்தான் அவள் அப்படிப் பேசுவாள், மற்ற எல்லாரிடமும் கைதான். மெமரி கார்டுக்காரர் மறுபடி திரும்பினார். திரும்பட்டும். என் கை இரண்டும் மடியில் கிடந்தன. வீட்டில் கண்ணாடி முன்னால் நூறு தடவை செய்தது, ஒன்றும் ஞாபகம் இல்லை. மூக்கு ஓரத்தைத் தொட்டு அம்மா என்றேன், அதுதான் முதலில் வந்தது. பிறகு விரல் நுனிகளைச் சேர்த்தேன். வீடு. வா. இரண்டு கையையும் மடித்து ஏந்தினேன். குழந்தை. நான், கை, பேச்சு, படிக்கிறேன். எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது.

அவள் முகம் அசையவில்லை. போன் உறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவள் கண் கொட்டியது. சட்டென்று திரையில் எல்லாம் சுழன்றது, ஃபேன், திரைச்சீலை, சுவர், ஒரு காலண்டர். போய்விட்டாள், அவ்வளவுதான், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கை தானாகத் தொடைக்கு அடியில் போகப் பார்த்தது. அப்புறம் படம் நின்றது, கோணலாக. எதன்மேலோ போனைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள், இரண்டு கையும் காலியாக. வயிறு முன்னால் தள்ளி நின்றது. நான் கையை அடக்கிப் பழக்கியதற்கு அப்புறம் முதல் தடவையாக என் மகள் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள். இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க வைத்து, எதையோ தூக்குகிற மாதிரி உயர்த்தினாள். புரியவில்லை. மறுபடியும் செய்தாள், மெதுவாக, மக்குப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. என்னைக் காட்டினாள், என் கையைக் காட்டினாள், உயர்த்தினாள். அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த என் சின்னப் படத்தைப் பார்த்தேன். முகம் முழுசாக இருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் அடிவிளிம்பில் நாலைந்து விரல் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. அம்மா என்றதைத் தவிர நான் பேசியதெல்லாம் மடியிலேயே நடந்திருக்கிறது. கையை மேலே தூக்கு அம்மா என்கிறாள். அவள் கண் நிறைந்திருந்தது, எனக்கும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து பாய் குனிந்து, "கை தெரியலையேம்மா, ஸ்டாண்ட கொஞ்சம் எறக்கட்டுமா?" என்றார். வேண்டாம் பாய், அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். கையை நெஞ்சு வரைக்கும் தூக்கி, வீடு என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.